ஊட்டிக் கூட்டத்துக்கு வெளியே: நீலகிரியில் அமைதியான நடைகளும் காட்சிமுனைகளும்

தறிநாடா
வணக்கம். ஜூலை மூன்றாவது வாரம், செவ்வாய் முதல் வெள்ளி வரை நீலகிரி. நாங்க ரெண்டு பேர், 64 வயசு அம்மா, ஆறாவது படிக்கிற பையன். ஈரோட்டிலிருந்து சொந்தக் கார். பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா மூணும் வேண்டாம். தினம் ரெண்டு மணி நேரம் நடக்கணும், ஹாரன் சத்தம் கேட்கக் கூடாது, பள்ளத்தாக்கு தெரியணும். ஊட்டியில் ரூம் போடலாமா? அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் ஆளே இருக்காதுன்னு சொல்றாங்களே, அங்க போகலாமா?

கட்டபெட்டு
ஜூலைன்னா ஊட்டி வேண்டாம், கோத்தகிரியில் ரூம் போடுங்க. காரணம் மழை.

தென்மேற்குப் பருவமழை மேற்கிலிருந்து ஏறி வந்து குந்தா, அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர் பக்கம் கொட்டித் தீர்த்துடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்தது 91 சென்டிமீட்டர். தொட்டபெட்டா மலைத்தொடர் (உச்சி 2,637 மீட்டர்) குறுக்கே நிற்பதால் கிழக்கே இருக்கிற கோத்தகிரிக்கு மிச்சம் மீதிதான் வரும்: தூறல், காற்று, நடுவில் வெயில். ஊட்டி ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கிட்டு நாள் முழுக்க நசநசன்னு இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது அப்படியே தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம்தான் அடிக்கும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்ததும் அந்த மழையில்தான். அந்த மாதங்களில் யாராவது "கோத்தகிரி அமைதியா இருக்கும்"னு சொன்னா, ஏன் அமைதியா இருக்குன்னு ஒரு தடவை யோசிச்சுக்கோங்க.

அவலாஞ்சியைப் பொறுத்தவரை, ஏரிப் பக்கம் வனத்துறை வண்டியில்தான் உள்ளே கூட்டிட்டுப் போவாங்க. இறங்கி நம்ம இஷ்டத்துக்கு நடக்க முடியாது. அப்பர் பவானி அதுக்கும் உள்ளே, முக்குர்த்தி தேசியப் பூங்காவை ஒட்டின காடு. கேட்டைத் தாண்டி சும்மா போற இடமே இல்லை. ஜூலையில் ரெண்டையும் மறந்துடுங்க.

தறிநாடா
சரிங்க, கோத்தகிரியே ஆகட்டும். அங்கிருந்து அம்மாவும் வர மாதிரி எது? பையனுக்குக் கொஞ்சம் ஏத்தம் இருந்தா பிடிக்கும்.

சோலைக்குருவி
வரிசையாச் சொல்றேன்.

கோடநாடு காட்சிமுனை. கோத்தகிரியிலிருந்து கிழக்கே 18 கி.மீ., சாலை அங்கேயே முடியும். அம்மாவுக்கு நடையே கிடையாது. கீழே மாயாறு, தெங்குமரஹாடா ஊரோட வயல்கள், தூரத்தில் பவானிசாகர் அணை நீர், பக்கவாட்டில் ரங்கசாமி தூண் பாறை, எல்லாம் ஒரே இடத்திலிருந்து தெரியும். ஆனா நேரம் முக்கியம். பத்து, பதினொரு மணிக்கு மேல் மாயாற்றுப் பள்ளத்தாக்கு சூடாகி, அந்த ஈரக்காற்று சரிவில் ஏறி வந்து விளிம்பில் மேகமாகிடும். அப்புறம் வெள்ளைத் திரைதான். ஊட்டியில் டிபன் முடிச்சுக் கிளம்புற டாக்ஸிகள் வந்து சேர்வதும் சரியா அந்த நேரத்துக்குத்தான். கோத்தகிரியில் தங்கினா 7 மணிக்குப் புறப்பட்டு 9.30-க்குள் பார்த்துட்டுத் திரும்பிடலாம். பிப்ரவரி முதல் மே வரை காலையிலும் கீழே தூசிப்படலமா இருக்கும். மழை விட்ட மறுநாள் காலைதான் கண்ணாடி மாதிரி.

லாங்வுட் சோலை. ஊரிலிருந்து 3 கி.மீ., 116 ஹெக்டேர். சுத்திலும் தேயிலையும் வீடுகளும் வந்தபிறகு தப்பிப் பிழைச்ச சோலைக்காடு. பல ஊர்களுக்குக் குடிநீர் இதிலிருந்துதான். வனத்துறை அனுமதி, கூட ஒரு ஆள், ரெண்டும் வேணும். கோத்தகிரி வனச்சரக அலுவலகத்தில் முதல் நாளே கேட்டு வெச்சுக்கோங்க. இங்கே பள்ளத்தாக்குக் காட்சி கிடையாது. மரம், பாசி, பறவைதான். பாதை முழுக்க ஈர இலைச்சருகு, வேர் வழுக்கும், ஜூலையில் அட்டை உண்டு. அம்மா வருவாங்களான்னு நீங்கதான் சொல்லணும்.

கன்னேரிமுக்கு. கோத்தகிரியிலிருந்து 2 கி.மீ., ஊர்ச் சாலை, நடந்தே போகலாம். கோவை கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கட்டின வீடு இப்போ அருங்காட்சியகம். ஊட்டியே அதுக்கு அப்புறம்தான் உருவாச்சு. மழை பிடிச்சா ஒதுங்கவும் ஆச்சு.

மேல்குன்னூர்
கேத்ரின் அருவியை விட்டுட்டீங்களே? அரவேணுவிலிருந்து உள்ளே இறங்கினா கூட்டமே இல்லை.

சோலைக்குருவி
வேணும்னேதான் விட்டேன். அரவேணு வழியாப் போனா நீங்க போய் நிற்கிறது அருவியின் தலையில். தண்ணி விழுறது அங்கிருந்து தெரியாது, விளிம்புப் பாறையில் பாசி வேற. எட்டிப் பார்க்கிறேன்னு போய்த்தான் விபத்து நடக்குது. ரெண்டு அடுக்கா, சுமார் 250 அடி விழுறதை முழுசாப் பார்க்கணும்னா எதிர்ப்பக்கம் குன்னூர் டால்பின்நோஸ்தான் சரி. மழைக்காலத்தில் பையனோட அருவித் தலைப்பக்கம் வேண்டாமே.

மேல்குன்னூர்
ஏத்துக்கறேன். அப்படின்னா டால்பின்நோஸைக் கூட்டம் இல்லாம பார்க்கிற வழி சொல்றேன்.

குன்னூரிலிருந்து லேம்ஸ்ராக் 8 கி.மீ. அதே சாலையில் இன்னும் மூணு நாலு கி.மீ. போனா டால்பின்நோஸ். எல்லாரும் காரில் ரெண்டு இடத்திலும் பத்துப் பத்து நிமிஷம் இறங்கி ஏறுவாங்க. நடுவில் இருக்கிற துண்டுதான் நல்ல நடை: ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் காடும் அதல பாதாளமும், வழியில் லேடி கேனிங் சீட். ஒருத்தர் காரை டால்பின்நோஸில் கொண்டுபோய் நிறுத்தட்டும், மத்தவங்க லேம்ஸ்ராக்கிலிருந்து நடக்கட்டும். ஏத்த இறக்கம் குறைவு, அம்மாவுக்கும் முடியும். காலை 7-க்கு ஆரம்பிச்சா 8.30-க்கு முடிஞ்சிடும். 10 மணிக்கு மேல் இதே சாலையில் எதிரெதிரா ரெண்டு டெம்போ ட்ராவலர் வந்தா நடக்கிறவங்க தேயிலைச் செடிக்குள் ஏறித்தான் நிற்கணும், அவ்வளவு குறுகல்.

பையனுக்கு ஏத்தம் வேணும்னா பக்காசூரன் மலை, அதாவது துரூக் கோட்டை. குன்னூரிலிருந்து நான்சச் எஸ்டேட் பக்கம் சுமார் 15 கி.மீ., கடைசி மூணு கி.மீ. நடை. முதலில் தேயிலை, அப்புறம் காட்டுப் பாதை. மேலே திப்பு சுல்தான் காலத்துக் காவல் கோட்டையில் இடிஞ்ச சுவர் ஒண்ணுதான் மிச்சம். ஆனா கல்லாறும் மேட்டுப்பாளையம் சமவெளியும் காலடியில் கிடக்கும். ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம்.

கட்டபெட்டு
துரூக் பத்தி ஒரு எச்சரிக்கை. யானை, காட்டெருமை நடமாட்டம், மழை, காட்டுத்தீ அபாயம்னு வனத்துறை அவ்வப்போது மூடிடும். யூடியூப்பில் போன மாசம் யாரோ போனதைப் பார்த்துட்டு இன்னிக்குத் திறந்திருக்கும்னு கிளம்பாதீங்க. குன்னூர் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுட்டுப் போங்க. கீழ்ப் பாதி எஸ்டேட் நிலம், அங்கே கேட்டில் இருக்கிறவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லணும்.

பொதுவாவே நீலகிரியில் "அமைதியான இடம்" தேடுறவங்க முதலில் கேட்க வேண்டியது, கால் வைக்கிற நிலம் யாரோடது என்பதை. மூணு வகை இருக்கு.

காப்புக்காடு. எல்லையில் கல் குவிச்சோ நட்டோ நம்பர் போட்டிருப்பாங்க, பல இடத்தில் போர்டும் உண்டு. அனுமதி இல்லாம உள்ளே போறது குற்றம், "தெரியாது"ன்னு சொல்லித் தப்ப முடியாது. 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குன்னு தனி விதிகளே வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி எழுதின வலைப்பதிவுகளை நம்பி வழி பிடிக்கிறவங்கதான் அதிகம் மாட்டுறாங்க.

எஸ்டேட். தனியார் நிலம். கேட்டா பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க, ஆனா மருந்து அடிக்கிற நாளில் விட மாட்டாங்க. விடாதது உங்க நல்லதுக்குத்தான்.

ஊர்ச் சாலை, ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்கள்) இடையில் போற பாதை. பஞ்சாயத்துச் சாலை, யாரும் நடக்கலாம். அமைதியா நடக்க இதைவிட நல்ல இடம் நீலகிரியில் இல்லை, ஆனா எந்த "டாப் 10"-லயும் வராது. படுகர் ஊருக்குள் வழி கேட்டா வாசல் வரை வந்து கைகாட்டுவாங்க. கோயில் வளாகத்துக்குள் மட்டும் கேட்காம கால் வைக்காதீங்க. தோடர் மந்துக்கும் (அவங்க குடியிருப்பு) அதே, அங்கே கோயில் பக்கம் நெருங்கிப் படம் எடுக்கவே வேண்டாம்.

ரேக்பினியன்
லவ்டேல் முதல் கேத்தி வரை ரயில் பாதையோரமா நடக்கிறது அருமைன்னு நிறையப் பேர் போடுறாங்க. இங்கே யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்: வேண்டாம்.

ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-படி அது அத்துமீறல், ஒண்ணு. இன்னொண்ணு, இந்த மலை ரயிலில் மேலேறும்போது இன்ஜின் பின்னால் இருந்து தள்ளும். வளைவில் முதலில் வர்றது பெட்டி, இன்ஜின் சத்தம் கடைசியில்தான் வரும். வெட்டுப்பாதைகளிலும் சுரங்கத்திலும் ஒதுங்க இடம் கிடையாது.

அந்தக் காட்சிதான் வேணும்னா ரயிலிலேயே போங்க. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே தினம் சில ரயில்கள் ஓடுது. எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு முன்பதிவு பண்றது மேட்டுப்பாளையம் நீராவி வண்டிக்குத்தான். இந்த மேல்துண்டில் வார நாளில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம், டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கோங்க. குன்னூரில் ஏறி கேத்தியில் இறங்குங்க. அங்கிருந்து கேத்தி பாலாடா பக்கம் இறங்கிப் போற ஊர்ச் சாலையைப் பிடிச்சா ரெண்டு பக்கமும் படிக்கட்டு வயல்: கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு. காலையில் போனா கேரட் கழுவுற மெஷின் ஓடுறதைப் பார்க்கலாம். சேறு பூசின கேரட் ஒரு முனையில் உள்ளே போகும், சுழல்ற உருளையில் தண்ணி பீய்ச்சி, மறுமுனையில் ஆரஞ்சு நிறத்தில் கொட்டும், மூட்டை கட்டி லாரியில் ஏத்துவாங்க. பையன் அங்கேயே அரை மணி நேரம் நின்னுடுவான். திரும்ப மேலே ஏத்தம் அம்மாவுக்குக் கஷ்டம், பாலாடாவிலிருந்து பஸ் பிடிச்சுடுங்க.

தறிநாடா
கேத்தி ஐடியா பிரமாதம். அரசாங்கமே நடத்துற ட்ரெக்கிங் இருக்காமே, அது எப்படி?

கட்டபெட்டு
"ட்ரெக் தமிழ்நாடு". 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோட ஆரம்பிச்சாங்க. நீலகிரியில் கேர்ன்ஹில், லாங்வுட் சோலை, ஊசிமலை, கரிக்கையூர்–பொரிவரை, கரிக்கையூர்–ரங்கசாமி மலை, அவலாஞ்சி–கொலாரிபெட்டா, பார்சன்ஸ் வேலி–முக்குர்த்தி குடில் எல்லாம் அதில் உண்டு. ஆன்லைனில் பதிவு, அடையாள அட்டை, எளிது–நடுத்தரம்–கடினம்னு தரம் பிரிச்சுக் கட்டணம், கூட வழிகாட்டி. வழிகாட்டிகள் அந்தந்தக் காட்டை ஒட்டின ஊர்க்காரங்க. தடத்தைப் பார்த்தே என்ன விலங்கு, எப்போ போச்சுன்னு சொல்லிடுவாங்க. காசு அதுக்கே தகும்.

தீ அபாய மாதங்களில், சுமாரா பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, மூடிடுவாங்க. கனமழை எச்சரிக்கை வந்தாலும் கடைசி நேரத்தில் ரத்தாகும். அதனால் ஜூலையில் மேற்குப் பக்கப் பாதை எதையும் நம்பித் திட்டம் போடாதீங்க. உங்க குடும்பத்துக்கு கேர்ன்ஹில் சரி: ஊட்டியிலிருந்து 3 கி.மீ.தான், சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே சமமான நடை. ஊட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நிசப்தம் வேற இல்லை. பொரிவரை பாறை ஓவியங்கள் பையனுக்கும் அம்மாவுக்கும் இல்லை, நல்லா நடக்கிறவங்களுக்கு. கோத்தகிரியிலிருந்து கீழ்கோத்தகிரி வழியா நல்ல தூரம், இருளர் ஊரில் ஆரம்பிக்குது. ரங்கசாமி மலை இருளர்களுக்குப் புனிதம், ஏத்தமும் கடினம்.

புதுசாவந்தவன்
கோத்தகிரி பக்கம் சோலைக்குள்ள ஒரு குட்டி அருவி ரீல்ஸில் வருதே, யாராவது லொகேஷன் பின் போடுங்களேன்?

சோலைக்குருவி
போட மாட்டோம். அது காப்புக்காடு, கீழே இருக்கிற ஊருக்கு அதுதான் குடிதண்ணி. இந்த இழையில் சொன்ன எல்லா இடமும் சட்டப்படி போகக்கூடிய இடம், அதுவே நாலு நாளைக்குத் தாராளம்.

அப்புறம் விலங்கு. கோத்தகிரியில் யானையைவிடக் கரடிதான் கவலை. தேயிலைக்கும் புதருக்கும் நடுவில் இருக்கும், திடீர்னு எதிர்ப்பட்டாத்தான் தாக்கும். வெளிச்சம் நல்லா வர்றதுக்கு முன்னாடியும் மாலை 5-க்கு மேலும் தேயிலைக்குள் நடக்காதீங்க. வளைவுகளில் பேசிக்கிட்டே போங்க, காதில் இயர்போன் வேண்டாம். காட்டெருமை சாலையில் நின்னா நீங்கதான் நிற்கணும். தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டுச்சுன்னா பின்வாங்குங்க, செல்ஃபி எடுக்க முதுகைக் காட்டாதீங்க. மேட்டுப்பாளையம்–கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பலாப்பழத்துக்கு யானை வரும். அந்தச் சாலையில் பழக்கடையைத் தவிர வேற இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்காதீங்க.

அட்டைக்கு: பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸ் மேல் உப்பு இல்லேன்னா மூக்குப்பொடி தடவினா போதும். கடிச்சா பிய்க்காதீங்க, நகத்தால் பக்கவாட்டில் தள்ளுங்க. ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, பயப்பட ஒண்ணுமில்லை.

கியர்2
வண்டி விஷயம் யாரும் பேசலையே.

இ-பாஸ்: 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்குக் கட்டாயம், ஆன்லைனில் இலவசம். அரசுப் பஸ்ஸில் வந்தா தேவையில்லை. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டின்னு உச்சவரம்பும் வெச்சாங்க. ஜூலையில் பாஸ் சுலபமாக் கிடைக்கும், ஆனா எடுக்காம வராதீங்க. செக்போஸ்ட்டில் நின்னுக்கிட்டு போனில் எடுக்கிறவங்களாலதான் பின்னால் வரிசை நீளுது.

பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மாவட்டத்துக்குள் தடை, சோதனையில் பிடுங்கிடுவாங்க. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் ஸ்டீல் பாட்டில் கொண்டு வாங்க, சாலையோரம் தண்ணி ஏடிஎம்மில் நிரப்பிக்கலாம்.

வழி: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ., நேரே ஏறிடுங்க, குன்னூர் சுத்த வேண்டாம். ஆனா மே சீசனில் குன்னூர் வழியா ஏத்தம், கோத்தகிரி வழியா இறக்கம்னு ஒருவழி ஆக்கிடுவாங்க. பின்னாடி இதைப் படிக்கிறவங்க அதைக் கவனிச்சுக்கோங்க.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீங்களோ அந்த கியரிலேயே இறங்குங்க, பெரும்பாலும் ரெண்டு. பிரேக்கை மட்டும் நம்பி மூணாவதிலோ நியூட்ரலிலோ விட்டா, பாதி வழியில் பேடு சூடாகிக் கருகின வாசனை வரும், அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது. வாசனை வந்தா ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்க, வீல் மேல் தண்ணி ஊத்தாதீங்க. ஆட்டோமேட்டிக்னா எல் அல்லது மேனுவல் மோடு. ஏறி வர்ற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குறவர் ஒதுங்கணும். பனிமூட்டத்தில் லோ பீம், ஹை பீம் போட்டா வெள்ளையா எதிரொளிச்சு நமக்கே கண் தெரியாது.

இன்னொண்ணு, எஸ்டேட் சாலையில் கூகுள் மேப் காட்டுற குறுக்குவழியை எடுக்காதீங்க. லைன் வீடுகளுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) போய் முட்டி நிற்கும், திருப்ப இடம் இருக்காது.

தறிநாடா
எல்லாருக்கும் நன்றிங்க. இப்படிப் போட்டிருக்கேன், சரியான்னு பாருங்க:
செவ்வாய்: மதியம் கோத்தகிரி, மாலை கன்னேரிமுக்கு.
புதன்: காலை கோடநாடு, மதியம் லாங்வுட் (நானும் பையனும் மட்டும்).
வியாழன்: காலை லேம்ஸ்ராக்–டால்பின்நோஸ் நடை, குன்னூரில் ரயில் ஏறி கேத்தி.
வெள்ளி: துரூக், அப்படியே இறக்கம்.

மேல்குன்னூர்
வெள்ளி துரூக் இடிக்குது. நடை மட்டும் ரெண்டரை மணி நேரம், போக வர எஸ்டேட் சாலை மெதுவாத்தான் போகும், அப்புறம் களைச்சுப்போய் மலை இறங்கணும். துரூக்கை வியாழன் காலைக்கு மாத்துங்க. அம்மாவுக்கு அன்னிக்கு ஓய்வு. லேம்ஸ்ராக் நடை வெள்ளி காலை 7-க்கு, முடிச்சு குன்னூரில் டிபன், பர்லியாறு வழியா இறக்கம். கேத்தி ரயிலுக்கு வியாழன் மதியத்துக்கு மேல் எந்த வண்டின்னு முதல் நாளே குன்னூர் ஸ்டேஷனில் பார்த்துக்கோங்க. மதியம் போனா கேரட் மெஷின் ஓடுமான்னு உத்தரவாதம் இல்லை.

சோலைக்குருவி
லாங்வுட்டை மதியம் வைக்காதீங்க. ஜூலையில் ரெண்டு மணிக்கு மேல் உள்ளே இருட்டிடும், மழையும் பெரும்பாலும் அப்போதான். கோடநாட்டிலிருந்து 9.30-க்குக் கிளம்பினா 10.15-க்கு சோலை வாசலில் இருக்கலாம். அனுமதியை செவ்வாய் மாலை 5-க்குள் கேட்டுடுங்க, அப்புறம் அலுவலகத்தில் ஆள் இருக்காது.

ரேக்பினியன்
துரூக் மூடியிருந்தா வியாழன் காலையே கேத்தி வெச்சுக்கோங்க. மெஷினும் ஓடும்.

தறிநாடா
மாத்திட்டேன். லாங்வுட்டுக்கு மூக்குப்பொடி ரெண்டு டப்பா வாங்கியாச்சு.